நைனாவுக்கு வந்த ஸ்காட்ச்

கிளாஸ்கோ
4 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி மாறன் எழுதிக்கொள்வது.

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஊருக்கு வரும் டில்லிபாபுவிடம் ஒரு பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறேன், திட்டாதே. "அந்த ஊர் சரக்கு எப்டி கீதுன்னு ஒரு தபா பார்த்துடணும்டா" என்று நைனா போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். முப்பதாம் நாள் படையலில் வை. இங்கே ஒரு தீவில், சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை வெட்டி எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்திக் காய்ச்சுகிறார்கள். வாடை தூக்கலாக இருக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விடு.

விசா புதுப்பிக்கப் போட்டிருந்தேன். இடையில் கிளம்பினால் இங்கே திரும்ப முடியாது. நைனா சாவுக்கு வராததற்கு இதுதான் காரணம், நீ நம்பினால் போதும்.

உன் தம்பி
தமிழ்மாறன்


சைதாப்பேட்டை
19 மார்ச்

மாறனுக்கு,

பாட்டில் வந்தது. படையலில் வஞ்சிரம் வறுவல், முட்டை, பீடிக்கட்டு எல்லாம் வைத்தேன். நைனாவின் டம்ளரில் இதையும் ஊற்றினேன். கும்பிட்டு முடித்ததும் சண்முகவேல் சித்தப்பாதான் முதலில் எடுத்தார். ஒரு வாய்தான். "இன்னாம்மா இது, டிஞ்சரைக் குடிச்சாப்ல கீது" என்று கீழே வைத்துவிட்டார். அப்புறம் யாரும் தொடவில்லை. படையலில் வைத்ததைக் கொட்டலாமா? நானே குடித்தேன்.

சித்தப்பா சொன்னது சரிதான். முதலில் வந்தது ஆஸ்பத்திரி வாடை, நைனாவின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது வருமே, அது. விழுங்கிய பிறகு விறகுப் புகை. நீ இல்லாததால் கொள்ளி நான்தான் வைத்தேன், அந்தப் புகை என் தலைமுடியிலேயே கிடந்தது. நீ வராத இரண்டு இடமும் ஒரே டம்ளரில் இருந்தன, மாறா.

அழவில்லை. நாக்கு மரத்துப்போனது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் முன்பே மரத்துக் கிடக்கிறது. சமைக்கிறேன், துவைக்கிறேன், கடைக்குப் போகிறேன். உன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அதுவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜோதிலட்சுமி


கிளாஸ்கோ
2 ஏப்ரல்

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் அதே சரக்கை வாங்கி வந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். எனக்கு உப்பும் கடல் வாடையும் கொஞ்சம் புகையும்தான் தெரிந்தன. ஆஸ்பத்திரி வரவே இல்லை. திரும்பத் திரும்ப ஊற்றினேன். குமட்டல் வந்தது, நைனா வரவில்லை.

விசா வந்துவிட்டது. ஜூனில் வரட்டுமா? வேண்டாம் என்றால் வரமாட்டேன்.

மாறன்


சைதாப்பேட்டை
21 ஏப்ரல்

மாறா,

கூட இல்லாதவனுக்கு அந்த வாடை எப்படித் தெரியும்? குத்திக் காட்டவில்லை, எழுதும்போது அப்படி வந்துவிட்டது.

பாட்டிலில் பாதிக்கு மேல் இருக்கிறது. டில்லிபாபு கேட்டுப் பார்த்தான், தரவில்லை. நைனாவின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

ஜூனில் வா. வந்ததும் குளி, சாப்பிடு. அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் குடி. எந்த வாடை எந்த நாள் என்று நான் சொல்கிறேன். கடைசி நேரத்தில் நைனா உன்னைக் கேட்டதையும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும்போதாவது எனக்கு அழுகை வருகிறதா, பார்க்கலாம்.

அக்கா