பேராயர் கொடுத்த வாக்கும் நீங்கள் கொடுத்த வாக்கும்

என் பிரியமான அப்பாவுக்கு,

நம் குடும்பத்தில் யாரும் இதுவரை நுழையாத தேர்வறைக்குள் நேற்று போய், ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வை முடித்துவிட்டேன். அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது.

நான் ஆராய்ந்த பேராயரை உங்களுக்குத் தெரியும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துக்காரர். கொஞ்ச காலம் அமைச்சர். அரியணைச் சண்டைக்கு நடுவே மூன்று அரசர்களுக்கு அடுத்தடுத்து முடிசூட்டியவர். "நம்ம ஊரா இருந்தா எல்லாக் கட்சியிலயும் மாவட்டச் செயலாளர் ஆகியிருப்பாரு" என்று சிரித்தீர்களே.

ஒன்றை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. அந்த மூவரில் முதல் அரசன் இறந்ததும் அரசி தன் சின்ன மகனோடு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தாள். பையனுக்கு ஒன்றும் ஆகாது என்று வாக்குக் கொடுத்து, அரியணைமேல் கண்வைத்த சித்தப்பாவிடம் அவனை அழைத்துப் போனார் பேராயர். சில மாதங்களில் அவன் காணாமலே போனான்.

படித்ததும் செல்வி அக்கா ஞாபகம் வந்தது. பல வருசத்துக்கு முன் பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து கோம்பையிலிருந்து ஓடிவந்து, நம் திருச்சபை வளாகத்தில் இரண்டு நாள் இருந்தாள். நீங்கள் சபைச் செயலாளர். கட்சியிலும் வார்டுப் பொறுப்பு. "கல்யாணம் நடக்காது, நான் பொறுப்பு" என்று அவளைப் பெற்றவர்களோடு அனுப்பிவைத்தீர்கள். "ஓட்டுக்காகப் பிள்ளையக் குடுத்துட்டாக" என்று சபையில் பேசினார்கள். நீங்கள் பதில் சொல்லவில்லை. அவள் என்ன ஆனாள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பீர்களா?

நேற்றுத் தேர்வாளர் கேட்டார்: "பையனின் கதி பேராயருக்கு முன்பே தெரியுமா?"

"தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பிறகு போய்ப் பார்த்ததாக நான் படித்த எதிலும் இல்லை" என்றேன். சொல்லும்போதே, நீங்களாவது செல்வி அக்காவைப் போய்ப் பார்த்தீர்களா என்று தோன்றியது. இன்று காலை கோம்பைக்குப் பஸ் ஏறினேன்.

செல்வி அக்கா இப்போது நர்ஸ். யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அப்பாவா! மாசம் ரெண்டு தடவ வந்துருவாக. எங்க நாய்க்குப் பயந்து ரோட்டுலயே நின்னு, 'ஏ ஆத்தா செல்வி, முகத்தக் காட்டிட்டுப் போ'ம்பாக. எங்கய்யா கேட்டா, 'கட்சி வேலையா வந்தேன்'பாக. எலக்சனே இல்லாத வருசத்துல என்ன கட்சி வேலை? நான் நர்சிங் சேர்ற வரைக்கும் கல்யாணப் பேச்ச எடுக்க விடலயே!"

சாப்பிட்டதும் கட்சிக் கரைத்துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவீர்களே, அந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் இதற்குத்தானா? திரும்பும் பஸ்ஸில் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

இனி சபையில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் தலை குனிய மாட்டேன். என் குரல் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எழுந்து நின்று சொல்லிவிடுவேன், அப்பா.

கேட்கத் தாமதித்த,
உங்கள் மூத்த மகள்