நூற்று இருபத்து நான்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்த முறை ஒவ்வொருவராகச் சொல்கிறேன். உன் மகள் நேற்றிலிருந்து ஆக்சிஜன் குழாய் இல்லாமல் தானாக மூச்சு விடுகிறாள். உன் மனைவிக்குத் தையல் காய்ந்து வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குழந்தைப் பிரிவு வரை நடந்து போய் வருகிறாள். உன் மாமாவுக்கு என்ன குறை, வேளாவேளைக்குச் சாப்பாடும் குறட்டையும் நடக்கிறது. நான் நலமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கப்பலில் புதிதாக ஏறப்போகும் சமையல்காரர் நாளை காலை விமானம் பிடிக்கிறார் என்று கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ கேட்ட முதுகுவலித் தைலமும் இரண்டு ஜோடி காலுறையும் அதே பொட்டலத்தில் இருக்கின்றன. போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். வியாழக்கிழமை நீ பேசி வைத்த பிறகு இரண்டு தடவை கப்பல் எண்ணுக்குப் போட்டேன். ஒரு தடவை லைன் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை கிடைத்தது, யாரோ எடுத்து ஹலோ என்றார், நான் வைத்துவிட்டேன். உன்னை இடுப்பில் சுமந்து பள்ளிக்கூடத்தில் விட்டவளுக்கு உன்னிடம் பேச நாக்கு எழவில்லை.

வியாழக்கிழமை உன் மனைவியிடம் என்ன கேட்டாய் என்று நினைவிருக்கிறதா? ஒரு கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணைமேல் வைத்திருந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "குழந்தை அசையலைன்னு தெரிஞ்சும் ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தியா? தூக்கம்தான் பெருசாப் போச்சா உனக்கு?" என்றாய். அவள் "தப்புதாங்க" என்றாள். லைன் அறுந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் உரித்த ஆரஞ்சு தட்டில் அப்படியே கிடந்தது.

தம்பி, அந்தத் திட்டு எனக்கு வர வேண்டியது. அவள் தூங்கவில்லை. தூங்கு என்று சொல்லி அனுப்பியவள் நான்.

போன மாதம் நான் ஒரு கருவி வாங்கினேன். சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். முனையில் ஜெல் தடவி வயிற்றில் வைத்தால் உள்ளே இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கும். நிமிடத்துக்கு எத்தனை என்று சின்னத் திரையில் எண் வரும். நீ கடலில் இருக்கிறாய், புதுப்பொண்ணு எங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து பயப்படக் கூடாது என்றுதான் வாங்கினேன். (கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் அவளுக்கு அந்தப் பெயர் போகவில்லை, பார்.) இதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள் என்று கூடவே வந்த காகிதத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். அது பொதுஜனத்துக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் காதையெல்லாம் சோதித்துக் கருவி மாட்டி அனுப்புகிறவளுக்குக் காகிதம் எதற்கு!

திங்கட்கிழமை மூன்று மணி வாக்கில் கிளினிக்குக்குப் போன் செய்தாள். "அண்ணி, காலையிலேர்ந்து குட்டி சரியா அசையலை. எப்பவும் சாப்பிட்டதும் உருளும், இன்னைக்கு உருளவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா?" என்றாள். அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசினாலே ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். "அங்கே போனா நாலு மணி நேரம் பெஞ்சைத் தேய்க்கணும். நேரா இங்க வா, நானே பார்க்கறேன்" என்றேன். கருவி அன்று என் கைப்பையில்தான் இருந்தது. கூட வேலை செய்கிறவர்களிடம் காட்டிப் பீற்றிக்கொள்ள எடுத்துப் போயிருந்தேன்.

எங்கள் கிளினிக் மூன்றாவது மாடியில் என்பது உனக்குத் தெரியும். அன்று லிஃப்ட் வேலை செய்யவில்லை. நிறைமாத வயிற்றோடு கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அவள் ஏறி வந்து சேர்ந்தபோது நான்கு மணி. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கக்கூட விடாமல் காது சோதனை அறைக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் படுக்கவைத்தேன். நான்கு சுவரிலும் பஞ்சு அடைத்த அறை அது. கதவைச் சாத்தினால் தெருச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராது. இந்த ஊரில் ஒரு குழந்தையின் துடிப்பைக் கேட்க இதைவிட நல்ல அறை கிடையாது என்று எனக்கு உள்ளூரப் பெருமை. ஜெல் தடவி வைத்ததும் கேட்டது. டக் டக் டக் என்று சீராக, வேகமாக. திரையில் நூற்று இருபத்து நான்கு. நூற்றுப் பத்திலிருந்து நூற்று அறுபது வரை இருந்தால் நல்லது என்று படித்து வைத்திருந்தேன்.

"குதிரை மாதிரி ஓடுது. கடைசி மாசத்துல உள்ளே இடம் பத்தாது, அதான் அடங்கிக் கிடக்கு. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு" என்றேன். அவள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, "ஆனா அசையலையே அண்ணி" என்றாள். நான் சிரித்தேன். என் காதைத் தொட்டுக் காட்டி, "இதை நம்பும்மா" என்றேன். அவள் படியிறங்கிப் போனாள்.

அன்று இரவு குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார், இடதுபக்கம் படுத்துப் பார் என்று வைத்தியம் வேறு சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்வரை அவள் வாய் திறக்கவில்லை. நான் தெருமுனை திரும்பியதும் பரிசோதனைக் காகிதங்களை எடுத்துக்கொண்டு தனியாக ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நான் இருந்தால் மறித்துவிடுவேன் என்று தெரிந்திருக்கிறது, பார்த்தாயா. இத்தனை நாள் அவளை வாயில்லாப் பூச்சி என்று நினைத்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு அங்கே வயிற்றில் பெல்ட் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். குழந்தையின் துடிப்பு களைத்துப்போய்க் கிடப்பது காகிதத்தில் கோடாகத் தெரிந்திருக்கிறது. நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் குழந்தைக்குப் போக வேண்டியது போகவில்லையாம். முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷன். எனக்கு நான்கு தடவை போன் செய்திருக்கிறாள். சோதனை நடக்கும்போது போன் மேஜை டிராயரில்தான் கிடக்க வேண்டும் என்பது நானே போட்ட சட்டம். அவளே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது உன் மகள் பிறந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டு கிலோ நூறு கிராம். அழவில்லையாம், தட்டி எழுப்ப வேண்டியிருந்ததாம்.

மாலையில் டாக்டரம்மா வந்தார். "நேத்துக் காலையிலேர்ந்தே அசைவு குறைஞ்சிருக்கு. ஏன் உடனே வரலை? இன்னைக்கு மத்தியானம் வரை விட்டிருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்" என்றார். நான் கட்டில் ஓரத்தில் நிற்கிறேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அசதியா இருந்துது டாக்டர், தூங்கிட்டேன்" என்றாள். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. டாக்டர் அதை எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சம்பந்தியம்மா வந்து மகளிடம் அதையே கேட்டார். அவரிடமும் அதே பதில். வியாழக்கிழமை நீ.

நடுவில் ஒருநாள் மூத்த நர்ஸைப் பிடித்துக் கருவியைப் பற்றிக் கேட்டேன். எனக்காக அல்ல, தெரிந்தவர் ஒருவருக்காக என்று புளுகினேன். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ தாயோட கையைப் பிடிச்சு நாடி பார்த்தாங்களா?" என்பது. இரண்டும் ஒன்றாக அடித்தால் கேட்பது தாயின் துடிப்பாம். மாடி ஏறி வந்தவளுக்கு நூற்று இருபது சாதாரணமாகப் போகுமாம். "குழந்தையோட துடிப்பே கேட்டாலும் அது போதாதும்மா. அசைவு குறைஞ்சா எந்த நேரமானாலும் வந்துடணும். கடைசி மாசத்துல அசைவு குறையும்ங்கறதே தப்பு" என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் கிளினிக் மாடியை வேகமாக ஏறிப்போய் அதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கருவியை என் வயிற்றில் வைத்துப் பார்த்தேன். டக் டக் டக். நூற்றுப் பதினெட்டு. நாற்பத்தேழு வயதில், பிள்ளையே பெறாத வயிற்றில் குதிரை ஓடுகிறது. உட்கார்ந்து அழுதேன்.

என்னிடம் சோதனைக்கு வருகிறவர்களில் சிலர் இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்று சொல்லி ஹெட்போன் மாட்டிவிடுவேன். நான் ஒன்றும் ஒலிக்கவிடாதபோதும் அமுக்குவார்கள். பொய் சொல்ல வேண்டுமென்று அல்ல. கேட்டாக வேண்டும் என்ற ஆசை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை பேரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். திங்கட்கிழமை பட்டனை அமுக்கியவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை அவளிடம் நேராகவே கேட்டேன், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று. "விடுங்க அண்ணி. சொன்னா எல்லாரும் வேற பேசுவாங்க" என்றாள். என்ன பேசுவார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெற்றிருந்தால் அல்லவா தெரியும் என்பார்கள். பதினெட்டு வருஷமாக அந்தப் பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வருமென்று பார்த்துப் பார்த்தே நடந்தவள் நான். அது என் காதில் விழக் கூடாது என்று, வயிற்றைக் கிழித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண் உன் திட்டைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாள்.

உன் மகளைப் பற்றி மறைக்காமல் எழுதுகிறேன். தலையில் எடுத்த ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்கிறார்கள். நன்றாகத் தவழ்ந்து நன்றாகப் பேசிவிட்டால் கவலையில்லை. அதுவரை ஒவ்வொரு மாதமும் எனக்குத் திங்கட்கிழமைதான். நான்கு மணியிலிருந்து மறுநாள் ஒன்பது மணி வரை பதினேழு மணி நேரம். அதை நான் யாரிடம் திருப்பிக் கேட்பது? இந்தக் குழந்தைப் பிரிவில் இருக்கும் குழந்தைகளுக்குக் காது சோதனை கட்டாயம். நான் செய்யவில்லை, என் ஜூனியரைச் செய்யச் சொல்லியிருக்கிறேன். குழந்தையின் முகம் அப்படியே உன்னுடையது. கோபம் வந்தால் உதட்டைச் சுழிக்கிறது.

இன்று காலை ஒரு விஷயம் நடந்தது. பால் புகட்டிவிட்டு வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணி, குட்டி சரியா இழுக்கலையோன்னு தோணுது, உங்களுக்கு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். அவ்வளவுக்குப் பிறகும் என்னைத்தான் கேட்கிறாள். "எனக்குத் தெரியலம்மா. உனக்குத் தோணுதுல்ல, வா, நர்ஸைக் கேட்போம்" என்றேன். இரண்டு பேரும் போய்க் கேட்டோம். குழந்தையைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றிக் காட்டினார்கள். பிறகு நன்றாகவே குடித்தது. தெரியலை என்று நான் சொல்லி நீ எப்போதாவது கேட்டிருக்கிறாயா?

மாமாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். அவர் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய சாமான் பெட்டியில் போட்டார். சம்பந்தியம்மாவிடமும் டாக்டரிடமும் நாளை சொல்லப்போகிறேன். யார் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். இதைப் படித்து முடித்ததும், போனுக்கு எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் காலில் விழுந்தாவது வாங்கி அவளைக் கூப்பிடு. அக்கா எல்லாம் எழுதிட்டா என்று சொல். தூக்கம் என்று சொன்னாயே, அதைத் திரும்ப வாங்கிக்கொள். அவள் அழுதால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிரு. என்னைத் திட்ட வேண்டியதை அப்படியே வைத்திரு. நீ இறங்கி வந்ததும் வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டு, மாமா முன்னாலேயே திட்டு, நான் பதில் பேச மாட்டேன்.

நேற்று நர்ஸிடம் தானே அனுமதி வாங்கிக்கொண்டு, "தூக்கிப் பாருங்க அண்ணி" என்று அவள் குழந்தையை என்னிடம் நீட்டினாள். கை சில்லென்று இருக்கிறது என்று சொல்லி நான் வாங்கவில்லை. இன்றும் நீட்டினாள். இன்றும் அதையேதான் சொன்னேன். உன் மகளை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை, தம்பி. திட்டி முடித்த பிறகு நீ உன் கையால் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். நல்லபடியாக வந்து சேர்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா