உப்பு விட்ட நாட்கள்

ஏப்ரல் 7, திங்கள்

இன்றைக்கும் உட்கார வைத்தார்கள். இன்றைக்கும் மயங்கினேன். மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் ஏறி விழுந்து மூன்று மாதம். முதுகெலும்பு ஒடிந்ததில் நெஞ்சுக்குக் கீழே என் உடம்பே எனக்குத் தெரியாது. நிமிர்த்தினால் பிரஷர் எழுபதுக்கு இறங்கிக் கண் இருட்டுகிறது.

சோற்றில் உப்பைக் கூட்டச் சொல்கிறது ஊட்டுக்கு வருகிற நர்ஸ் கலைச்செல்வி. அதுக்கென்ன தெரியும்? நாற்பத்தெட்டு நாள் உப்பையே விட்டுவிடுகிறேன், என்னை நடக்க வை என்று எங்க சாமி பெரியசாமிக்கு நேர்ந்திருக்கிறேன். இன்றோடு பதினைந்து நாள்.

ஏப்ரல் 9, புதன்

தேன்மொழி களியில் உப்புப் போட்டுவிட்டாள். ஒரு வாயிலேயே தெரிந்தது. தட்டை விசிறியடித்தேன். கட்டின பொண்டாட்டி, நான் நடக்கவே கூடாதென்று நினைக்கிறாளா? அவளிடமே கேட்டேன். சுவரில் ஒட்டின களியைத் துடைத்தாள். அதுதான் இன்னும் எரிச்சல். திருப்பித் திட்டித் தொலைச்சா என்ன?

ஏப்ரல் 12, சனி

தலைவலி. ரெண்டு தடவை வாந்தி. சாமி சோதிக்குது. சோதிக்கட்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

ஏணிய எவன்டா எடுத்தது மிளகு நனையுது அப்பா கூப்புடறாரு

ஏப்ரல் 20, ஞாயிறு. சேலம் ஆஸ்பத்திரி

மேலே இருப்பது என் கையெழுத்துதான். எழுதின ஞாபகமே இல்லை. அப்பா செத்து ஒன்பது வருஷம்.

அப்படி உளறின அன்றைக்கே என்னை ஏற்றின ஆம்புலன்ஸ் காளப்பநாயக்கன்பட்டி தாண்டும்போது எனக்கு வலிப்பு வந்ததாம். ரத்தத்தில் நூற்று முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருக்க வேண்டிய சோடியம், அதாவது உப்புச்சத்து, நூற்றுப் பதினாறு. அடிபட்ட உடம்பில் அது தானாகவே குறையுமாம். நான் இருந்ததையும் விட்டுத் தொலைத்தேனாம். டாக்டர் நன்றாகவே திட்டினார். இனி உப்பு மருந்து மாதிரி, விடவே கூடாது.

நடப்பேனா என்று கேட்டேன்.

“இல்லீங்க” என்றார்.

ஒரே வார்த்தை. அவரை அறையணும் போல இருந்தது. சாமியையும்தான். இருபத்திரண்டு நாள் வெறுஞ்சோறு தின்றேனே!

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊட்டுக்கு வந்தாச்சு. உப்புப் போட்டுத் தின்கிறேன். மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது.

மே 4, ஞாயிறு

வயிற்றில் பட்டை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம். மயக்கம் இல்லை. பிரஷர் தொண்ணூற்றெட்டு.

விழுந்ததிலிருந்து முதல்முறையாகத் தேன்மொழி என் எதிரில் சாப்பிட்டாள். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்தேன். துளி உப்பில்லை.

ஏன் என்று கத்தினேன்.

“உங்க நேர்த்தி பாதியில நிக்கப்படாதுன்னு நான் எடுத்துக்கிட்டேனுங்க. இன்னும் ஆறு நாள்தான்.”

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. என்னை விட அவள்தான் நம்பியிருக்கிறாள். உப்பு ஜாடியைக் கேட்டு வாங்கினேன். அவள் தட்டில் நானே போட்டுப் பிசைந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்றாள்.

“நான் நடக்கமாட்டேன் கண்ணு. நீ சாப்பிடு” என்றேன்.

சாப்பிட்டாள்.