இர்வ் நோவாக்கின் லாரியும் முன்னச்சின் எடையும்

வால்பிரிட்ஜ், ஒஹாயோ
மார்ச் 9

என் மகன் லானிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவி டார்லாவும் இருக்கிறோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வில்லிஸ்டன் குளிரில் எண்ணெய்க் கிணற்று வேலையில் நீ பத்து விரலோடும் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் மகள் ப்ரென்னா நர்ஸ் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள், கொஞ்சம் கேள்வி கேட்டதுமே கம்ப்யூட்டர் போதும் என்று நின்றுவிட்டதாம், அழுதுகொண்டே வெளியே வந்திருக்கிறாள், அப்படிச் சீக்கிரம் நின்றால் பெரும்பாலும் நன்றாக எழுதியதாக அர்த்தம் என்று பிறகுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் தங்கை வாண்டாவின் மகன் கோல்பி வெல்டிங் போட்டியில் மாநிலத்திலேயே இரண்டாவதாக வந்திருக்கிறான், முதலாவது வந்தவனின் வேலையைப் படத்தில் பார்த்தேன், நடுவருக்குக் கண் சரியில்லை. அவள் சின்ன மகள் ஜெஸ்லின் ஐந்தாம் வகுப்பில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியிருக்கிறாள், எந்த வகுப்போடு என் படிப்பு நின்றதோ அந்த வகுப்பில் என் பேத்தி மேடையேறுகிறாள். சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், இரண்டாம் முறை ஆரம்பித்ததும் பாஸ்டரின் மனைவி காபி எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனவள் திரும்பி வரவில்லை.

நல்ல சேதியை முதலிலேயே தீர்த்துவிட்டேன் என்பதிலிருந்தே மீதி உனக்குத் தெரிந்திருக்கும். டார்லாவையும் கூட வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்று நீ பார்க்கச் சொன்ன லாரியை வியாழக்கிழமை போய்ப் பார்த்தோம். இர்வ் நோவாக்கை உனக்கு நினைவிருக்கும், நானும் உன் அப்பாவும் அவசரச் சரக்கு ஓட்டிய பதினேழு வருஷமும் லாரி நிறுத்தங்களில் எங்கள் பக்கத்தில் நின்று அடுத்த சரக்குக்கான போன் மணிக்காகக் காத்துக்கிடந்தவன், வாய் மட்டும் ஓயாது. என்னைப் பார்த்ததும், ஏ வெர்டா, இன்னும் உயிரோடதான் இருக்கியா, உன் புருஷன் ஹோபர்ட் அங்க மேல நிம்மதியா இருக்கான், நீயும் போய்ச் சேர்ந்தா அதுவும் போச்சு என்றான். ஏன் விற்கிறாய் என்றதற்கு, பொண்டாட்டி ஐரீனுக்கு நகராத அடுப்படி வேணுமாம், இருபது வருஷமா இண்டியானாவுல முட்டையை ஒடச்சு ஒஹாயோவுல திருப்பிப் போட்டாச்சு, போதுங்கறா என்றான். டார்லா சிரித்தாள், லானி, கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

லாரி நல்ல லாரி, அதில் குறை சொல்ல மாட்டேன். முன்னால் ஓட்டுநர் அறை, அதன் முதுகில் ஒட்டியபடி பத்தடிக்குப் படுக்கை அறை, அதற்கும் பின்னால் சரக்குப் பெட்டி, எல்லாம் ஒரே சட்டத்தின் மேல். அறையில் நிமிர்ந்து நிற்கலாம், கட்டில், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு, ஜெனரேட்டர் எல்லாம் இருக்கிறது. டார்லா உள்ளே ஏறினாள். கட்டிலில் உட்கார்ந்தாள், தன் டயாலிசிஸ் மிஷின் கொள்ளுமா என்று பார்க்க எடுத்துவந்த அளவு நாடாவை ஜன்னலடி அலமாரியில் வைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது, மூன்று விரல் மிச்சம்கூட. இங்க மிஷின், இங்க நான், அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் லானி என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். அப்புறம் படுத்துப் பார்த்தாள். எழுந்திரு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, வெளியே போய் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இர்வ் ஒரு எடைச்சீட்டு காட்டினான். முன்னச்சு, அதாவது முன் சக்கரங்கள் தாங்கும் எடை, பத்தாயிரத்து எண்ணூறு பவுண்டு, சட்டம் பன்னிரண்டாயிரம் வரை விடும், தாராளமா இருக்கு வெர்டா என்றான். இதே ஏமாற்றில் நானும் உன் அப்பாவும் எங்கள் முதல் லாரியில் மாட்டியவர்கள். படுக்கையைப் பார்த்து லாரி வாங்காதே, அச்சைப் பார்த்து வாங்கு என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். எப்போது எடை போட்டாய் என்று கேட்டேன், ஐரீன் சாமானெல்லாம் எறக்கினதுக்கு அப்புறம் என்றான். டீசல் எவ்வளவு இருந்தது என்றேன், தலையைச் சொறிந்தான். தண்ணீர்த் தொட்டி என்றேன். அடியே, நீ வாங்க வந்தியா, என்னைக் கோர்ட்டுல ஏத்த வந்தியா என்றான். லாரி எடையை இப்படிக் குறைத்துச் சொல்கிறாயே இர்வ், நீ பிடித்த மீனின் எடையை மட்டும் எப்படிக் கூட்டிச் சொல்கிறாய் என்றேன். சிரித்துக்கொண்டே சாவியை எடுத்தான், கெட்டவன் இல்லை, விற்கிறவன், அவ்வளவுதான்.

டீசல் நிரப்பினோம், தண்ணீர் நிரப்பினோம், பனிச் சங்கிலியையும் கருவிப் பெட்டியையும் ஏற்றினோம், ஓட்டுநர் இருக்கையில் இர்வ், பக்கத்தில் டார்லா, நெடுஞ்சாலை எடைமேடைக்குக் கொண்டுபோனோம். சீட்டு வந்தது. மூன்று தரம் வாசித்தேன், எனக்குப் படிப்பு குறைவு என்பதால் அல்ல. முன்னச்சு பதினோராயிரத்து எழுநூற்று எண்பது. மிச்சம் இருநூற்று இருபது பவுண்டு. இதில் உன் துணியும் டார்லா துணியும் சாப்பாடும் மிஷினும் இன்னும் ஏறவில்லை, அவள் வயிற்றில் விட்டு எடுக்கிற திரவம் ஏறவில்லை. ஒரு பெட்டி இருபத்தெட்டு பவுண்டு, மாதத்துக்கு முப்பத்தைந்து பெட்டி, கூட்டிப் பார். பாதி மாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம் என்று நீ சொல்வாய் என்று நினைத்து அந்த மருந்துக் கம்பெனிக்கும் போன் போட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள், எங்க இருந்தாலும் அனுப்புவோம்மா, ரெண்டு வாரம் முன்னாடி எந்த ஊர்னு மட்டும் சொல்லிடுங்க என்றாள். அவசரச் சரக்கு ஓட்டுகிறவனுக்கு மத்தியானச் சாப்பாடு எந்த ஊரில் என்றே தெரியாது, இவளுக்கு நான் என்ன சொல்ல. சரி, பின்னால் சரக்குப் பெட்டியில் வைக்கலாம் என்றால் அங்கே சூடு கிடையாது, ஜனவரியில் உறைந்து போகும், சரக்குப் பெட்டி முழுக்க எனக்கு என்று வாடகை கொடுப்பவன் ஒரு மூலையைக்கூட விடவும் மாட்டான். முன்னச்சின் எடை கூடினால் எடைச்சாவடியில் அபராதத்தோடு நிற்காது, எடையைக் குறைக்காமல் நகரக் கூடாது என்பான். எதை இறக்குவாய்? அங்கே கூடுதலாக இருப்பது சரக்கு அல்ல, அவளுடைய மருந்து.

இர்வின் லாரி நின்ற அதே முற்றத்தில் விற்பனைக்கு இன்னொரு லாரியும் நின்றது, சின்னப் படுக்கை, எடை குறைவு, சரக்கு நிறையத் தாங்கும், எந்தக் கம்பெனியும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும். அதில் ஒரு ஆள் படுக்கலாம், மிஷினை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். டார்லா அதன் உள்ளே ஏறக்கூட இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அவளும் மாறி மாறி ஓட்டுவாள் என்று நீ நினைத்திருந்தாய் அல்லவா, டாக்டர் அவள் ஓட்டுநர் உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மூன்று வாரமாக மறைத்து வைத்திருக்கிறாள். ஒற்றை ஆள் என்றால் தூரச் சரக்கு எல்லாம் இரண்டு பேர் இருக்கிற வண்டிக்குப் போய்விடும், மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டதுதான் உனக்கு வரும், அது வருகிறவரை ஏதாவது ஒரு நிறுத்தத்தில் கிடக்க வேண்டும்.

திரும்பி வரும்போது வண்டியில் டார்லா என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, அந்தச் சீட்டை அவருக்கு அனுப்பாதீங்க, இர்வ் குடுத்த சீட்டையே அனுப்புங்க, வாங்கட்டும், ஒரு வருஷம் ஓடினாக்கூடப் போதும் எனக்கு என்றாள். ஒரு வருஷம் ஓடாதுடி, முதல் சாவடியிலேயே நிற்கும் என்றேன். நிக்கட்டும், நிக்கும்போதாவது அவர் பக்கத்துல இருப்பாரு இல்ல என்றாள். நானும் உன் அப்பாவும் பதினேழு வருஷம் ஒரே லாரியில் இருந்தோம், ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குவோம், இருக்கை மாறும்போதுதான் முகம் பார்த்துக்கொள்வோம், அதைக்கூடச் சொல்லி அவளைத் தேற்றலாம் என்று வாயைத் திறந்தேன், பிறகு அந்த மாறுகிற நிமிஷத்துக்காகத்தானே இவள் கேட்கிறாள் என்று தோன்றியதும் வாயை மூடிக்கொண்டேன்.

இதனுடன் இரண்டு சீட்டையும் வைத்திருக்கிறேன். டார்லா என்மேல் கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும், உன் வீட்டை விற்றுப் போடுகிற பணம், உன்னிடம் பொய் எடையை அனுப்ப என்னால் முடியாது. உனக்கு ஏற்ற லாரி எங்காவது இருக்கும், தேடு என்று எழுத ஆசைதான். சட்டப்படி நாற்பதடிக்கு மேல் நீளம் கூடாது, முன்னச்சுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடாது, மருந்தும் வேண்டும், சரக்கும் வேண்டும், அவளும் வேண்டும் என்றால் அப்படி ஒரு லாரியை யாரும் கட்டவில்லை, லானி. வேலையை விட்டு வா என்று சொல்லவும் வழியில்லை, உன் வேலையோடு வருகிற காப்பீட்டில்தான் அந்தப் பெட்டிகள் வாசலில் வந்து இறங்குகின்றன. சிறுநீரகம் மாற்றக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இர்வ் சனிக்கிழமை மத்தியானம் வரை காத்திருப்பான், பதிலை நீயே அவனுக்குச் சொல், எனக்குச் சொல்ல வேண்டாம்.

கர்த்தர் உன்னையும் உன் கைகளையும் காக்கட்டும், பிள்ளைகளுக்குக் கொடுத்ததைப்போல உனக்கும் ஏதாவது கொடுக்கட்டும், நான் கேட்பதை நிறுத்தவில்லை. இரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடாதே, முழுசாகச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை டார்லாவுக்குப் போன் போடும்போது லாரியைப் பற்றி நீ முதலில் எடுக்காதே, அவளே எடுக்கட்டும். கடைசியாக ஒன்று, உன்னுடைய புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு. மிஷினுக்கு மேலே அவள் ஒட்டி வைத்திருப்பது கறுத்த தாடியோடு நீ இருக்கிற பழைய படம், இப்போ எப்படி இருப்பாருன்னு தெரியல அம்மா என்றாள். சவரம் செய்துகொண்டு நிற்காதே, சிரிக்காதே, வேலை முடிந்து வரும்போது எப்படி இருக்கிறாயோ அப்படியே எடுத்து அனுப்பு.

உன் அம்மா,
வெர்டா கோம்ப்ஸ்