இரண்டு வளைவு கீழே இறங்கினேன், மதினி

என் வாயாடி மதினி சந்திராவுக்கு,

ஓடி முடித்துவிட்டேன். குரங்கணியில் ஆரம்பித்து போடிமெட்டு வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர். சரியாகச் சொன்னால் ஐம்பதுக்கும் கொஞ்சம் கூடுதல், அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். மெடல் கிடையாது, சான்றிதழ் கிடையாது. நான் போய்ச் சேர்ந்தபோது, முடிகிற இடத்தில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வாசலைக் காற்றுப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஊரே படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அதனால் நீ கொஞ்சம் பொறு, மற்றவர்களுக்கு நம் கதையைச் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அப்புறம் நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியாக வந்தாய். அண்ணன் பெண்டாட்டியை வா போ என்று பேசுகிறாளே என்று சாதிசனம் மூக்கைச் சுளித்தது. சுளித்த மூக்கு அப்படியே நிற்கட்டும் என்று இருவரும் விட்டுவிட்டோம்.

எனக்குச் சக்கரை வந்தது. ஏலக்காய் ஸ்டோரில் நாள் முழுக்க உட்கார்ந்து காய் பொறுக்கினால் வராமல் என்ன செய்யும்? காலையில் நடக்கச் சொன்னார் டாக்டர். தனியாகப் போனால் நாய் கடிக்கும் என்று நீ துணைக்கு வந்தாய். முந்தல் ரோட்டில் மூன்றாம் நாளே நாய் துரத்தியது. நம்மை முதலில் ஓடவைத்த மகராசன் அந்த நாய்தான். நாய் நின்ற பிறகும் நீ நிற்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாய். நாளைக்கும் ஓடலாமா பாண்டி என்று கேட்டாய்.

அதிலிருந்து டீக்கடைப் பெஞ்சுக்குப் பொழுது போனது. வீட்டில் சோலி இல்லாத இரண்டு பொம்பளைகள் என்று பேசினார்கள். பேசியவர்கள் விடிந்ததில் இருந்து மத்தியானம் வரை அதே பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிற ஆம்பளைகள். அவர்களுக்கு இருக்கிற சோலியை நானும் இத்தனை வருசமாகத் தேடுகிறேன், கண்ணில் படவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நம் இரண்டு பேர் பெயரையும் கொடுத்தது நீ. ஐம்பது கிலோமீட்டரா என்று நான் வாயைப் பிளந்தேன். பத்து மணி நேரம் தருகிறார்கள், அதற்குள் அடுப்படியில் இதைவிட அதிகமாக நடக்கிறோம் என்றாய். அதற்கு அப்புறம் இரண்டு மாதம்கூட நீ இருக்கவில்லை.

குலசாமி கும்பிடு வந்தது. உனக்கு நாலு நாளாகக் காய்ச்சல். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா, மூத்த மருமகள்தான் முதல் பொங்கப்பானை வைக்கவேண்டும். கட்டிக்கொடுத்த பொண்ணு பானையைத் தொடக்கூடாது. கும்பிடு முடியட்டும், தேனிக்குக் கூட்டிப் போகிறேன் என்றான் உன் புருசன், அதாவது என் கூடப்பிறந்தவன். மலைக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பைச் சொந்தமாக வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு சொன்னான். நீ தலையில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்தாய். பொங்கல் நன்றாகப் பொங்கியது என்று எல்லோரும் குலவை போட்டார்கள். மூன்றாம் நாள் தேனி ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள், முற்றிப்போய்விட்டது என்றார்கள். அடுத்த நாள் நீ இல்லை.

கருமாதிப் பந்தலில் பேச்சு எப்படி இருந்தது தெரியுமா? பொம்பளை உடம்பு அது, ஓட்டம் தாங்குமா என்றாள் ஒரு சின்னம்மா. ரத்தமெல்லாம் வேர்வையாகப் போய்விட்டதாம், அது ஒரு பெரியப்பாவின் கண்டுபிடிப்பு. வந்த வாய்க்கெல்லாம் வடை பாயசத்தோடு இதுவும் சேர்ந்து இறங்கியது. நான் உன் புருசனைப் பார்த்தேன். இவனாவது உண்மையைச் சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, ஓடி ஓடித்தான் செத்தா," என்றான்.

அந்தப் பந்தலிலேயே எழுந்து நின்றேன். அவள் பெயர் கொடுத்த ஓட்டத்தை நான் ஓடுகிறேன், முடித்துவிட்டு உயிரோடு வந்து நிற்கிறேன், அப்புறம் இந்தப் பேச்சை எவனாவது எடுத்தால் தெரியும் சேதி என்றேன். அவனுக்கும் ரோசம் வந்துவிட்டது. முடித்துக்காட்டினால் இனி அப்படி ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், முடிக்காவிட்டால் என் வாசலை மிதிக்காதே என்றான். சரி என்று வந்துவிட்டேன். அதற்கப்புறம் ஒன்பது மாதம் அவனோடு பேச்சு இல்லை. ரோட்டில் அவன் ஜீப்பைப் பார்த்தால் காறித் துப்புவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டத்தன்று குரங்கணியில் விடியக் காலையில் மைக் பிடித்த ஒரு மகான், மலையை ஜெயிக்கப் போகிறோம் என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். எங்கிருந்து வந்தவன் என்று தெரியவில்லை. மட்டம் போடாமல் வருசக்கணக்கில் மலைக்குக் காயெடுக்கப் போய்வருகிற பொம்பளைகளுக்கு இதுவரை எவனும் மைக் பிடித்ததில்லை. பக்கத்தில் நின்ற பட்டணத்துப் பெண், நீங்கள் எந்த கிளப் என்று கேட்டாள். ஏலக்காய் ஸ்டோர் என்றேன். நல்ல பெயர் என்றாள். பட்டணத்து ஆட்கள் வழியெல்லாம் பசை மாதிரி எதையோ பிழிந்து உறிஞ்சிக்கொண்டு, உறையை ரோட்டில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் மடியில் உப்புப் போட்ட நெல்லிக்காய் வைத்திருந்தேன். கொட்டையைக்கூட ஒதுக்குப்புறமாகத்தான் துப்பினேன்.

குரங்கணியில் இருந்து போடிக்கு இறங்கி, ஊரைச் சுற்றிவிட்டு, திரும்ப முந்தல் வரவேண்டும். அங்கிருந்து மெட்டு வரைக்கும் ஏற்றம். முந்தலில் இருந்து நம் ஆட்கள் கூட ஓடலாம் என்று விதி. பேசர் என்று பெயர். என் பேசர்களைக் கேள். ஸ்டோரில் எனக்கு இந்தப் பக்கம் உட்காருகிற மல்லிகா, அந்தப் பக்கம் உட்காருகிற ஈஸ்வரி. மல்லிகா பதினைந்து வருசம் மலையில் காயெடுத்தவள், வாய் ஓயாது. ஈஸ்வரி மகனுடைய வாட்சைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். என்னை இழுத்துக்கொண்டு போகவேண்டியவள், முதல் வளைவிலேயே இன்னும் எவ்வளவு தூரம் என்று என்னிடம் கேட்டாள். இதுகளை நம்பியா மலையேறுகிறோம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். ஆனால் என் கால் பின்னிய போதெல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்.

நல்ல உச்சி வெயில். தொடை கல்லாகிவிட்டது. கண்ணுக்கு முன்னால் ரோடு ஆடியது. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது.

மலைக்கு வேலைக்குப் போகிற பொம்பளைக்கு ஒரு பழக்கம் உண்டு. பின்னால் ஜீப்பு முக்கி ஏறுகிற சத்தம் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், கை தானாக நீளும். ஜீப்பு நிற்காது, மெதுவாகும். அதற்குள் காலை வைத்துத் தொற்றிக்கொள்ளவேண்டும். வேலை முடிந்த ஆட்களை இறக்கிக்கொண்டு வர மத்தியானத்தில் காலி ஜீப்புகள் மேலே போகும். அப்படி ஒன்றின் சத்தம் கேட்டது. மல்லிகா கையை நீட்டினாள். ஜீப்பு மெதுவானது. நான் ஏறிவிட்டேன். அவள் என் முதுகில் கைகொடுத்துத் தள்ளியும் விட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் எட்டு வருசம் நானும் காயெடுக்கப் போனவள்தானே, உடம்பு மறக்கவில்லை. மூன்று பேரில் ஒருத்திக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

அந்த சீட்டு சுகமாக இருந்தது, மதினி. உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு வளைவு போன பிறகுதான் ஐயோ என்று உறைத்தது. ஜீப்பை நிறுத்தச் சொல்லலாம் என்று முன்னால் பார்த்தால், கண்ணாடியில் உன் புருசன் முகம்.

"பேசாம உக்காருத்தா," என்றான். ஒன்பது மாதம் கழித்து அவன் பேசிய முதல் பேச்சு. "மெட்டுக்கு ஒரு வளைவு முன்னாடி எறக்கி விடுறேன். யாரு பாக்கப் போறா?"

எனக்கு வந்த அருவருப்பைச் சொல்லி மாளாது. பெண்டாட்டி சாவையும் பொய்யால் மூடினான், இதையும் பொய்யால் மூடப் பார்க்கிறான். பிறந்ததில் இருந்து இவனுக்குக் குறுக்கு வழிதான் தெரியும் போல. "வண்டிய நிறுத்து," என்றேன். நிறுத்தினான். இறங்கி, ஏறின இடத்துக்கே திரும்பக் கீழே நடந்தேன். இறக்கத்தில் முட்டி இரண்டிலும் உயிர் போனது. எதிரே ஏறி வந்த ஒருத்தன், மேடம் நீங்கள் தப்பான பக்கம் போகிறீர்கள் என்று அக்கறையாகச் சொன்னான். இருபது வருசமாக இந்த ரோட்டில் போய்வருகிறேன் தம்பி, உன் வழியைப் பார் என்றேன்.

மல்லிகா அழுதுகொண்டு நின்றாள். ஈஸ்வரி அவளை வைதுகொண்டிருந்தாள். நான் தார் ரோட்டில் அந்த இடத்தைக் காலால் தேய்த்துப் பார்த்து, இங்கேதானே ஏறினேன் என்று கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, திரும்ப ஓட ஆரம்பித்தேன். ஓட்டமா அது? நொண்டி நொண்டி ஏறினேன். கடைசி வளைவுகளில் ஈஸ்வரி வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். நேரம் முடிந்துவிட்டது என்று அதில் இருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் நிற்கவில்லை. நீயாக இருந்தால் நின்றிருப்பாயா?

முக்கால் மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தேன். வாசலைச் சுருட்டிக்கொண்டிருந்தவன், முடிஞ்சிருச்சு மேடம் என்றான். மலையை ஜெயித்த கூட்டம் மெடலைக் கடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் உன் புருசன் ஜீப்பு நின்றது. உள்ளே வேலை முடிந்த பொம்பளைகள், எவ்வளவு நேரம்தான் நிறுத்திவைப்பாய் என்று அவனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்காகத்தான் நிறுத்தியிருக்கிறான். அவன் முன்னால் போய் நின்றேன். "முடிச்சிட்டேன்," என்றேன்.

அவன் என் காலைப் பார்த்தான். அப்புறம் ஜீப்பில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, "அவ ஓடிச் சாகலத்தா. நாந்தேன் ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல," என்றான்.

இந்த வார்த்தைக்காகத்தானே ஒன்பது மாதமாக விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். கும்பிடுக்கு முதல் நாள் அடுப்படியில் நீ சுவரில் சாய்ந்துகொண்டு, முடியலை பாண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாய். நீ படுத்துவிட்டால் கும்பிடு கெட்டுப்போகும், சொந்தக்காரன் முன்னால் நம் வீட்டு மானம் போகும் என்று எனக்குப் பயம். காய்ச்சல் மாத்திரையை உன் கையில் கொடுத்து, இரண்டு நாள் சமாளி என்றவள் நான். எவரிடமும் சொன்னதில்லை. அவனைத் துப்பித் துப்பியே அதை மறந்திருந்தேன்.

அதை அவனிடம் சொன்னேன். மாத்திரை கொடுத்துப் பானை வைக்கச் சொன்னது நான் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

"தெரியும். அவ சொன்னா," என்றான். ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தெரியுமாம். பந்தலில் நான் எழுந்து நின்று அவனைக் கிழித்தபோதும் தெரியும். ரோட்டில் துப்பியபோதும் தெரியும். ஒருத்தரிடமும் வாய் திறக்கவில்லை. ஓடித்தான் செத்தாள் என்ற அந்தக் கேவலமான பொய்க்குள் அவன் தன்னை மட்டும் ஒளித்துவைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான் வைத்திருந்தான். இதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. செத்தவள் மேல் பழியைப் போட்டு உயிரோடு இருக்கிறவர்களைக் காப்பாற்றுவது என்ன ஆம்பளைத்தனம்? ஆனால் துப்புவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. அன்று இறக்கத்தில் அவன் ஜீப்பில்தான் வந்தேன்.

இன்னும் இரண்டு மாதத்தில் உனக்கு வருசத் திவசம். அதே சின்னம்மா, அதே பெரியப்பா, அத்தனை வாயும் வரும். இலை போடுவதற்கு முன்னால் நான் எழுந்து நிற்பேன். சந்திரா ஓடிச் சாகவில்லை, காய்ச்சலோடு பானை வைத்துச் செத்தாள், வைக்கச் சொன்னவர்களில் நான் ஒருத்தி என்று சொல்வேன். அண்ணன் பெயரை அவனே சொல்லிக்கொள்ளட்டும். அதற்கு மேல் யாருக்குச் சோறு இறங்குகிறதோ அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உனக்கு மாத்திரை கொடுத்த உன் நாத்தனா,
பாண்டியம்மா