உள்ளே விடாத துணி

வோஸ்,
மே 28

அன்பு மகள் தோருனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், அதுவரை உண்மை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற முகம் எனக்கு இல்லை, ஆனாலும் பெற்றவள் கேட்காமல் யார் கேட்பது, கேட்கிறேன். பூமியின் அந்தக் கோடியில், டனீடினில், குளிர் தொடங்கியிருக்கும். இங்கே பத்து நாளாக மழை, ஏரி நம் படகுத்துறைப் பலகை வரை ஏறிவிட்டது. அப்பாவுக்கு இடது முட்டி வலி அப்படியே இருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்றால் தலையை ஆட்டிவிட்டுப் படகைத் துடைக்கப் போய்விடுகிறார். உன் தம்பி யோஸ்டைன் தன் வீட்டுச் சமையலறையைப் பிரித்துப் போட்டுவிட்டு மூன்று வாரமாக இங்கேதான் சாப்பிடுகிறான். அவன் வாயிலிருந்துதான் அந்தச் செய்தி வந்தது, ஜூன் கடைசியில் உனக்கு இரைப்பையைச் சின்னதாக்கும் அறுவை சிகிச்சை என்று. எங்களிடம் சொல்லக் கூடாதென்று நீ சத்தியம் வாங்கியிருந்தாயாம், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் தாங்க முடியாமல் சொல்லிவிட்டான், அவனைத் திட்டாதே. எதற்கு என்று கேட்டேன். "அந்தக் காலு ஒழியணுமாம், அவ்ளோதான் சொன்னா" என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஏப்ரலில் நான் பெர்கனுக்குப் போனேன். மாடிப்படி ஏறினால் தொடை இரண்டும் நெருப்பாக எரிகிறது என்று நம் ஊர் டாக்டர் அனுப்பிவைத்தார். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், காற்சட்டையைக் கழற்றச் சொன்னாள். நாற்பத்தைந்து வருடத்தில் உன் அப்பாவைத் தவிர யாரும் பார்க்காத காலை அந்தப் பெண் முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். விரலால் ஒரே ஓர் அழுத்து அழுத்தினாள், நான் கத்திவிட்டேன். "அடிபடாமலே அங்கங்க நீலம் பாயுதா? பாதம் மட்டும் சின்னதா இருக்கே, கணுக்கால்ல வளையம் போட்ட மாதிரி சதை நிக்குதே, சின்ன வயசுலேர்ந்தே இப்படியா?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதிலிருந்து என்றேன். இதற்கு லிப்பெடீமா என்று பெயராம். "இது சாப்பாட்டால வர்றது இல்லம்மா. நீங்க பட்டினி கெடந்தா முகம் வத்தும், மாரு வத்தும், காலு மட்டும் அசையாது. பெரும்பாலும் அம்மாகிட்டேர்ந்து பொண்ணுக்குப் போகும். உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்றாள். இருக்கிறாள் என்றேன். நீ ஏழாம் வகுப்பில் படிக்கும்போது உன் விளையாட்டு ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, தோருன் தொடையில் நீலம் நீலமாக இருக்கிறதே, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். பெண் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறவள், மேசையில் இடித்துக்கொள்வாள் என்று சொல்லிச் சிரித்தேன். அதே நீலம் என் காலிலும் இருந்தது தோருன், எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் உன் தட்டிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்தேன். முளையிலேயே கிள்ளிவிட்டால் உனக்கு என் கால் வராது என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவதை நீ யாரிடமிருந்தும் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் எனக்கும் தையற்காரி போர்கில்டுக்கும் மட்டும்தான் இத்தனை வருடம் தெரிந்திருந்தது. பதினைந்து வயதில் தேவாலயத்தில் நடந்த உன் திடப்படுத்தல் ஆராதனைக்குப் போட நம் ஊர்ப் பாரம்பரிய உடை, புனாத், தைக்கக் கொடுத்தோமே, அதற்கு அளவெடுக்க மூன்று வாரம் முன்பிருந்து உனக்கு என்ன சாப்பாடு போட்டேன் என்று உனக்கே நினைவிருக்கும், முறுகல் ரொட்டியும் காரட்டும். பள்ளியில் மயங்கி விழுந்தாய். அப்படி வற்றிப் போயிருந்த உடம்புக்குத்தான் அளவெடுத்தாள் போர்கில்ட். அளவெடுத்துவிட்டு, பக்கவாட்டில் நாலு விரல் துணி உள்ளே விட்டுத் தைக்கிறேன் என்றாள். எல்லாப் பெண்ணுக்கும் அப்படித்தானே தைப்பார்கள், பதினைந்து வயதில் தைத்த உடை பிள்ளை பெற்ற பிறகும், கிழவியான பிறகும் பிரித்துப் பிரித்து விட்டுக்கொள்ளத்தானே அது. நான் வேண்டாம், ஒட்ட வெட்டு என்றேன். "என்னடி குத்ருன், கிறுக்குப் பிடிச்சிருக்கா? வளர்ற புள்ளைடி அது" என்றாள். உள்ளே துணி இருந்தால் அதுவரை பெருத்துவிடுவாள், இல்லையென்றால் பயத்தில் அடக்கமாக இருப்பாள் என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கத்தரியை எடுத்தாள். என்னுடைய புனாத்தை அதற்குள் மூன்று தடவை பிரித்து விட்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு உள்ளே துணி இருந்தது.

யோஸ்டைனின் திடப்படுத்தலுக்கு நீ அதைப் போட்டுப் பார்த்தபோது உனக்குப் பத்தொன்பது வயது. மேற்சட்டையின் வெள்ளிக் கொக்கிகள் நாலு விரல் தள்ளி நின்றன. நீ அப்போதுகூடச் சிரித்துக்கொண்டுதான், "அம்மா, எல்லாரும் சொல்ற மாதிரி அலமாரிக்குள்ள சுருங்கிடுச்சும்மா, போர்கில்ட்கிட்ட குடுத்துப் பிரிச்சு விடச் சொல்லு" என்றாய். நான் உடையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன். போர்கில்ட் வீட்டுக்குப் போகவில்லை. ஏரியோரம் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். வந்து உன்னிடம் என்ன சொன்னேன் என்று நீ மறந்திருக்க மாட்டாய். "ஏற்கெனவே ரெண்டு தடவை ஒனக்குத் தெரியாம பிரிச்சு விட்டாச்சு. இனி விடறதுக்கு நூலளவுகூட துணி இல்லையாம்." ஆயுசுக்கும் போதுமான துணியை நாலே வருடத்தில் தின்று தீர்த்துவிட்டேன் என்று நீ நம்பினாய். நம்பினாய் என்று உன் முகத்தில் தெரிந்தது, நானும் அதைத் திருத்தவில்லை. ஊர்ப் பெண்கள் எல்லாரும் புனாத்தில் இருக்க, நீ கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாய். அப்பா வழியில் ஒரு பெரியவர் உன்னைப் பரிமாற வந்த பெண் என்று நினைத்துக் காலிக் கோப்பையை நீட்டினார். நீ அதை வாங்கிக் காபி ஊற்றினாய். அந்த வருடமே திரோண்ட்ஹைம் போனாய், பிறகு இன்னும் தூரம், பிறகு இதற்கு மேல் தூரம் இல்லை என்கிற இடத்துக்கே போய்விட்டாய். நீ பெருத்ததற்கு வெட்கப்பட்டு ஓடினாய் என்று உறவுக்காரர்களிடம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இது உன் அப்பாவுக்கும் தெரியாது, இந்த மே பதினேழு, நம் தேசிய நாள் வரைக்கும். ஊர்வலம் தேவாலயத்தைத் தாண்டும்போது போர்கில்ட் எங்களோடு வந்து சேர்ந்துகொண்டாள். அவளுக்கு இப்போது ஞாபகமும் வாயும் கட்டுக்குள் இல்லை. முன்னால் போன ஒரு சின்னப் பெண்ணின் உடையைப் பார்த்து, நல்லா உள்ள விட்டுத் தச்சிருக்காங்க என்றவள் என் பக்கம் திரும்பி, "நாப்பது வருஷத் தொழில்ல, பெத்த பொண்ணு சட்டையில உள்துணிய வெட்டச் சொன்ன ஒரே அம்மா நீதாண்டி" என்றாள். கேலியாகத்தான் சொன்னாள். அப்பா கொடியை என் கையில் கொடுத்துவிட்டு ஊர்வலத்தை விட்டு விலகி வீட்டுக்கு நடந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது உன் மேற்சட்டையை உட்பக்கம் வெளியே வரத் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு தடவைகூடப் பிரித்த தடம் இல்லை. "நீயே எழுது அவளுக்கு" என்றார். பதினோரு நாள் ஆகிறது, அதன் பிறகு என்னோடு ஒரு வார்த்தை இல்லை. அவர் பங்குக்கு இதில் நாலு வரி எழுதுங்கள் என்று நேற்றுக் கேட்டேன், துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டார். எனக்கு அழக்கூட உரிமை இல்லாத வீடாகிவிட்டது இது.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் கொடுப்பதா வேண்டாமா என்கிற பாரத்தையும் உன் தலையில் ஏற்றியதாகும். சிகிச்சை செய்துகொள்ளாதே என்றும் சொல்லமாட்டேன், உன் உடம்பைப் பற்றி இந்த வாய் பேசியது போதும். ஆனால் காலுக்காகத்தான் செய்கிறாய் என்றால் இது ஒன்றை மட்டும் கேள். இரைப்பையைச் சுருக்கினால் இது போகுமா என்று அந்த டாக்டரம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு நானே கேட்டேன். மற்ற உடம்பு இளைக்கலாம், கால் அப்படியே இருக்கவும் கூடும், வலியும் போகாமலே இருக்கக் கூடும் என்றாள். இதை யோஸ்டைன் உனக்குத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தான். "அம்மா சொல்லச் சொன்னாங்களா? அப்ப வை" என்று வைத்துவிட்டாயாம். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, இத்தனை வருடம் நான் சொன்னதெல்லாம் எதற்காகச் சொன்னேனோ, இதையும் அதற்காகத்தான் சொல்கிறேன் என்று தோன்றாமல் என்ன செய்யும். புலி வருது கதைதான். இந்த ஒரு தடவை புலி நிஜமாகவே வந்திருக்கிறது, சொல்கிற ஆள்தான் தப்பான ஆள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வயிறு நிறையச் சாப்பிடு. இதை உனக்கு எழுத முப்பத்துநாலு வருடம் ஆகியிருக்கிறது. நீண்ட ஆயுளோடும் வலியில்லாத நடையோடும் இரு என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன், நான் வேண்டினால் கேட்பாரோ என்னவோ. மறக்காமல் அங்கே டாக்டரிடம் உன் கணுக்காலையும் நீலங்களையும் காட்டு, அம்மாவுக்கு இது இருக்கிறது என்று சொல். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர மூன்று வாரமாவது ஆகும் என்று தபால் நிலையத்தில் சொல்கிறார்கள், உன் சிகிச்சைக்கு நாலு வாரம்தான் இருக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் நீ பிரிக்கமாட்டாய் என்று உறையின் மேல் யோஸ்டைனை எழுதச் சொல்லப்போகிறேன். இந்த உண்மையைச் சொல்லவும் உன்னை இன்னொரு முறை ஏமாற்றித்தான் ஆகவேண்டியிருக்கிறது.

உன் அம்மா,
குத்ருன்