இரண்டு மீன் கொள்ளும் வாணலி

மெஹலன்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கிரீட் அக்காவுக்கு,

தனியாக இருப்பவருக்கு இரண்டு மீன் கொள்ளும் வாணலி எதற்கு என்று அன்று கடையில் நான் அப்பாவிடம் கேட்கவில்லை. யாருக்கென்று தெரியும் என்றும் சொல்லவில்லை. கனேரிக் குருவிச் சங்கத்தில் அவர் பக்கத்து நாற்காலியில் உட்காரும் மரியெட்டுக்குத்தான். அம்மா போனபின் அவர் யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை, அக்கா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீயும் குழந்தைகளும் நலம்தானே?

கடைக்காரப் பெண் நான்ஸ்டிக்கைக் காட்டி, "இதுல மீன் வழுக்கிக்கிட்டு வரும் சார், சமைக்கத் தெரியாதவங்களுக்குன்னே பண்ணினது" என்றாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. காலியாகக் காய்ந்தால் அதன் புகை சமையலறையில் தொங்கும் அவர் குருவிகளைக் கொன்றுவிடும் என்று ஞாபகப்படுத்தினேன். "அது தெரியாதாடி எனக்கு? சமைக்கிற அன்னிக்கு மட்டும் கூண்டெல்லாம் மாடிக்குப் போயிடும்" என்றார். "போன வாரம் கெட்டிலைக் கருக்கினது யாரு?" என்றேன். வெகுநேரம் அதையும் பக்கத்திலிருந்த எவர்சில்வர் வாணலியையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் எவர்சில்வரை எடுத்துக்கொண்டு, "மீன் ஒட்டி என் மானம் போனா நீதான் பொறுப்பு" என்றார்.

வாரம் முழுக்க நான் அப்பா வீட்டிலேயே தங்கினேன்; தினமும் பயிற்சி. தண்ணீர்ச் சொட்டு வாணலியில் முத்தாக உருண்டு ஓடினால்தான் வெண்ணெய் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். முதலில் உருளைக்கிழங்கு ஒட்டியது. பிறகு முட்டை. வியாழனன்று சொட்டு ஓடியதைப் பார்த்து, "ஓடுது, ஓடுது!" என்று கத்தினார். குருவிகள் பாட்டை நிறுத்திவிட்டன.

வெள்ளியன்று மரியெட் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய், கூண்டுகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்த வாணலியைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "எவர்சில்வர்! நல்லவேளை. மருமக ஆசையா வாங்கித் தந்த சட்டியில என் ரெண்டு குருவி போச்சு. இங்கயும் அதைப் பார்த்திருந்தா வந்த வழியே போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றினார்.

நாக்கு மீன் ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கத் தோல் முழுக்க வாணலியோடு போனது. அப்பா தலை குனிந்து நின்றார். மரியெட் ரொட்டித் துண்டால் அதைச் சுரண்டித் தின்று, "ருசியெல்லாம் இதுலதான்யா இருக்கு, உனக்கு வேணாமா?" என்றார். நான் சினிமாவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். தெருமுனை வரை அவர்கள் சிரிப்புக் கேட்டது.

மறுநாள் அப்பா பாத்திரம் தேய்த்தபடி, "கிரீட் என்ன நினைப்பா?" என்று கேட்டார். அவர் பயமெல்லாம் நீதான். எனக்காக ஒரு முறை அவருக்குப் போன் செய். எதையும் விசாரிக்க வேண்டாம். மீன் எப்படி வந்தது என்று மட்டும் கேள். மற்றதை அவரே சொல்லட்டும். உன் குரலில் சந்தோஷம் இருந்தால் போதும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
டீனா

பி.கு.: உறையை ஒட்டும் முன் மணி அடித்தது. வாசலில் மரியெட். இரண்டு கைகளிலும் அவருடைய குருவிக் கூண்டுகள். இப்போது அவை நம் ஜன்னலோரம் தொங்குகின்றன.